ஆத்தூர் என்னும் பெயர் வந்த வழி

சேலத்துக்குக் கிழக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஆத்தூரின் பெயரைப் பேருந்தின் நெற்றியில் பார்க்கிறோம், ரயில் நிலையப் பலகையில் பார்க்கிறோம். உலகின் பல மூலைகளில் அச்சாகும் நிலவியல் ஆய்வேடுகளிலும் அந்தப் பெயர் இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. இந்தியப் பாறைகளைப் பற்றி எழுதுபவர்கள் ‘சேலம்–ஆத்தூர் ஷியர் ஸோன்’ என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். பூமியின் மேலோட்டில் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து, இழுபட்டு, நசுங்கிய ஒரு நீண்ட வடு அது. கிழக்கு மேற்காக ஓடும் அந்த வடுவுக்குப் பெயர் வேண்டியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர்களின் பெயரையே எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஆத்தூருக்குப் பெயர் தந்தது ஆறு. ஆற்றுக்கு வழி விட்டது அந்த வடு. வடுவுக்குப் பெயர் தந்தது ஆத்தூர். நிலம் ஆற்றுக்குக் கொடுத்ததை ஊர் வாங்கி, நிலத்துக்கே திருப்பித் தந்திருக்கிறது. இப்படி வட்டமாகச் சுற்றி வந்த ஊர்ப்பெயர் தமிழ்நாட்டில் வேறொன்று என் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சுற்றைச் சொல்லிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

ஆறு என்ற சொல்லோடு ஊர் சேர்ந்தால் ஆறூர் ஆகாது, ஆற்றூர் ஆகும். ஆற்றுமணல், ஆற்றங்கரை, சோற்றுப்பானை, வயிற்றுவலி எல்லாம் இந்த வகைதான். டுகரத்திலும் றுகரத்திலும் முடியும் இப்படிப்பட்ட சொற்கள் வேற்றுமைப் பொருளில் இன்னொரு சொல்லோடு சேரும்போது ஒற்று இரட்டிக்கும் என்று நன்னூல் 183ஆம் நூற்பா சொல்கிறது. ஆற்றின் ஊர் என்பதால் ஆற்றூர். எழுத்திலக்கணம் பயின்ற எவருக்கும் இது எளிய புணர்ச்சி.

ஆற்றூர் ஆத்தூரானது பேச்சின் வேலை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ‘ற்ற’ என்னும் ஒலி வாய்மொழியில் ‘த்த’ ஆகிவிட்டது. காற்று காத்து, நேற்று நேத்து, கீற்று கீத்து. இதில் என்னைக் கவர்வது நீர் சார்ந்த சொற்களில் இந்த மாற்றம் எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்பது. ஊற்று ஊத்து, சேற்று நிலம் சேத்து நிலம், கிணற்று மேடு கிணத்து மேடு, ஆற்றங்கரை ஆத்தங்கரை. நீரோடு புழங்கியவர்கள் எழுத்தைப் பார்த்துப் பேசியவர்கள் அல்லர். அவர்கள் வாயில் உருண்ட வடிவமே ஊருக்கு நிலைத்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு அருகே உள்ள ஊர் இன்றும் ஆற்றூர் என்றே எழுதப்படுகிறது. மலையாளம் அந்தப் பழைய ஒலியை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்தாரும் ‘காற்று’ என்பதைக் காத்து என்று சொல்வதில்லை. அந்த றகர இரட்டை நாக்கின் நுனியை மேல்பல் வேருக்கு மேலே ஒற்றி எழுவது. கொங்கிலும் நடுநாட்டிலும் நாக்கு கொஞ்சம் முன்னே வந்து பல்லைத் தொட்டது. எழுத்து மாறியது அவ்வளவில்தான்.

ஆத்தி மரத்திலிருந்து பெயர் வந்திருக்கலாமே என்று கேட்பவர் உண்டானால் அதற்கும் இலக்கணமே பதில் தருகிறது. ஆத்தியோடு ஊர் சேர்ந்தால் நடுவே யகரம் வந்து ஆத்தியூர் ஆகும். அத்தி மரத்தின் பெயரால் அத்தியூர்கள் இருப்பது அப்படித்தான். இகரம் தடமே இல்லாமல் தொலைந்து ஆத்தூர் ஆவதற்குக் காரணம் சொல்ல முடியாது. இதே பெயர் கொண்ட தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூரும் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை அந்த ஊருடையது. அங்கேயும் நீர்தான் பெயருக்கு மூலம்.

நம் ஆத்தூருக்குக் கிழக்கே, அதே ஆற்றின் போக்கில், தலைவாசலை அடுத்து ஆறகளூர் இருக்கிறது. வாணகோவரையர்கள் மகதை மண்டலத்தை ஆண்ட தலைநகர். ஆறு அகழிகள் சூழ்ந்த ஊர் என்பதால் ஆறகழூர் என்று விளக்கம் சொல்வார்கள். ஆற்றங்கரையில் இருப்பதால் இதுவும் நதியின் பெயர்தானே என்று தோன்றலாம். அப்படியானால் அது ஆற்றகழூர் என்றல்லவா வந்திருக்க வேண்டும்? ஒற்று இரட்டிக்கவில்லை. ஆகவே அங்கே இருப்பது எண் ஆறு. ஒரே நதியின் கரையில், ஒரே எழுத்துக் கூட்டலில், இரண்டு வேறு ஆறுகள். இரட்டித்த றகரம் ஒன்றே இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் கதைகளைவிடப் புணர்ச்சி நம்பத் தகுந்த சாட்சி என்பதற்கு இந்த ஓர் இணை போதும்.

எந்த ஆறு? இன்று அதற்கு வசிட்ட நதி என்று பெயர். வாழப்பாடிக்கு வடக்கே அருநூற்றுமலையில் பிறந்து, பேளூர், பெத்தநாயக்கன்பாளையம் வழியாக ஆத்தூருக்கு வருகிறது. பிறக்கும் மலையின் பெயரையும் மக்கள் அருநூத்துமலை என்றுதான் சொல்கிறார்கள், அதே ஒலிமாற்றம். பேளூர்த் தான்தோன்றீசுவரர் கோயிலின் தலபுராணம் வசிட்டர் அங்கே வேள்வி செய்தார் என்று சொல்லி, நதியின் பெயருக்கும் காரணம் காட்டுகிறது. ஆனால் ஆத்தூர் என்ற பெயரில் வசிட்டர் இல்லை. வெறும் ஆறு மட்டும் இருக்கிறது. பக்கத்தில் வேறு ஆறு இல்லாதவர்கள், தங்கள் ஆற்றுக்குத் தனிப்பெயர் தேவைப்படாதவர்கள் வைத்த பெயர் இது. முனிவரின் பெயர் ஆற்றின்மேல் பிறகு ஏறியது என்றே நான் கொள்கிறேன். தெற்கே கொல்லிமலையில் பிறந்து தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதியும் அப்படித்தான். வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகின்றன. சுவேதம் என்றால் வெண்மை. வெள்ளாறு என்னும் தமிழ்ப் பெயரைத்தான் மேலே ஒரு கிளையில் வடமொழியாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஆறு என்ற சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே அந்தப் பொருளில் பிறந்தது. நீர் போகும் வழி என்பதால் நதி ஆறானது என்று கொள்வதில் பொருத்தம் இருக்கிறது. ஆத்தூரைப் பொறுத்தவரை இரண்டு பொருளும் ஒரே தடத்தில் ஓடுகின்றன. வடக்கே சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும், தெற்கே கொல்லிமலையும் பச்சைமலையும். நடுவே கிழக்கு மேற்காக ஒரு தாழ்வான வெளி. கொங்கிலிருந்து கீழ்க்கடற்கரைச் சமவெளிக்கு மலையேறாமல் போக அந்த வெளிதான் வழி. கெட்டி முதலியார்கள் வசிட்ட நதிக்கரையில் கோட்டை கட்டியதும் அந்த வழியைக் காக்கத்தான். இன்றைக்குச் சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையும் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையும் அதே வெளியில்தான் ஓடுகின்றன. ஆற்றூர் என்றால் நதியூர். வழியூர் என்று படித்தாலும் அந்த ஊருக்கு அது பொருந்தும்.

அந்த வெளி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லாராய்ச்சி நிற்க, பாறை பேசத் தொடங்குகிறது.

இருபுறத்து மலைகளும் உறுதியான பாறை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோட்டில் 25, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 750 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகியவை. நடுவில் உள்ள பட்டையில் மட்டும், மேலோட்டின் இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததில், பாறையின் மணிகள் அரைபட்டு, இழுபட்டு, மெல்லிய ஏடுகளாக நீண்டுவிட்டன. இப்படி அரைபட்ட பாறைக்கு மைலோனைட் என்று பெயர். 1885இல் சார்லஸ் லாப்வர்த் என்னும் ஆங்கிலேய நிலவியலாளர், மாவரைக்கும் ஆலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். அரைபட்ட பாறையில் நீர் புகும், சிதைவு விரைவாக நடக்கும், மழை அதை அரித்துக்கொண்டு போகும். இருபக்கமும் மலை நிற்க, நடுவே பள்ளத்தாக்கு விழுந்தது அதனால்தான். அந்தப் பள்ளத்தில் ஆறு இறங்கியது. ஆற்றங்கரையில் ஊர் எழுந்தது.

கிணறு வெட்டுபவர்களுக்கு இது பாடமாகத் தெரியாவிட்டாலும் கைப்பழக்கமாகத் தெரியும். கரும்பாறையில் எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் வராது. பாறை வெடித்து நொறுங்கிய இடத்தில்தான் ஊத்துக்கண் திறக்கும். நிலத்தடி நீர் தேடும் நிலவியலாளர்களும் செயற்கைக்கோள் படத்தில் அந்த வெடிப்புக் கோடுகளைத்தான் தேடுகிறார்கள். வெங்கச்சங்கல், சுக்கான்பாறை என்று கிணறு வெட்டுபவர்கள் வழங்கும் சொற்கள் தமிழின் நிலவியல் சொற்கள். கல்லூரிப் புத்தகங்கள் இவற்றைத் தொடாமல் போவது வருத்தம் தருவது.

பெயர்கள் இரண்டு திசையிலும் பயணம் போகின்றன. கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் நாம் காண்கிற கரும்பாறைக்கு உலகம் வைத்த பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரின் கல்லறை இருக்கிறது. அவர் 1693இல் இறந்தார். கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து, பரங்கிமலை, பல்லாவரம் வட்டாரத்துப் பாறையிலிருந்து, போனது. தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, 1893இல் பாறைவகைக்குச் சார்னோக்கின் பெயரைச் சூட்டினார். 1900இல் சார்னோக்கைட் வரிசை பற்றிய அவருடைய பெரிய நூல் வந்தது. பல்லாவரத்தின் பெயரையோ சேர்வராயனின் பெயரையோ தாங்கியிருக்க வேண்டிய பாறை, அதை ஒருநாளும் உடைத்தறியாத ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. தமிழகத்துக் கல், வங்கத்துக் கல்லறை, ஆங்கிலேயப் பெயர். எதிர்த்திசையில் போன சொல் குருந்தம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் கிடைக்கும் இந்தக் கடினக் கல்லைச் சாணை பிடிக்கப் பயன்படுத்தினார்கள். அந்தத் தமிழ்ச் சொல்தான் ‘கொரண்டம்’ என்று உலகக் கனிமவியலில் நிலைபெற்றது. மாணிக்கமும் நீலமும் அந்தக் கனிமத்தின் நிற வேறுபாடுகளே. உலகின் எந்த மூலையில் மாணிக்கத்தைப் பற்றி அறிவியல் எழுதினாலும் அங்கே ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது.

ஆளின் பெயரும் ஊரின் பெயரும் இல்லாமல், நிறத்தாலேயே பெயர் பெற்ற பாறையும் உண்டு. வடக்கே கோலாரில் இருப்பது ‘கிரீன்ஸ்டோன் பெல்ட்’ என்னும் வகையைச் சேர்ந்த பாறைப் பட்டை. தமிழில் பச்சைப்பாறைப் பட்டை எனலாம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் பொங்கி உறைந்த எரிமலைக் குழம்பு, பிறகு மிதமான சூட்டில் மாறி, குளோரைட், ஆக்டினோலைட் போன்ற பச்சைக் கனிமங்கள் நிறைந்த பாறையாயிற்று. அந்த நிறமே பெயர். வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், சில கிலோமீட்டர் மட்டுமே அகலம். அதன் தெற்கு நீட்சி கிருஷ்ணகிரி எல்லைவரை வருகிறது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை அந்தப் பகுதியும் சேலம் மாவட்டம்தான். கோலார்ப் பட்டையில் தங்கம் கிடைத்தது. 1880களிலிருந்து 2001 பிப்ரவரி வரை தோண்டினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் வியர்வை சிந்தியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபோன தமிழர்கள்.

கோலாரிலிருந்து தெற்கே வர வர, பூமியின் மேலோட்டுக்குள் கீழே இறங்கி வருகிற மாதிரிதான். மேலே இருந்தது எல்லாம் அரித்துப் போய், ஆழத்தில் இருந்தது சேலம் பக்கம் வெளிப்பட்டுக் கிடக்கிறது. 1936இல் ஃபெர்மோர் என்பவர் சார்னோக்கைட் உள்ள நாட்டையும் இல்லாத நாட்டையும் பிரித்து ஒரு கோடு போட்டார். அது இன்றும் ஃபெர்மோர் கோடு என்றே வழங்குகிறது. அந்தக் கோட்டுக்குத் தெற்கே வெப்பம் கூடக்கூட, பச்சைக் கனிமங்களில் இருந்த நீர் வெளியேறிவிட்டது. பச்சை போய், கறுப்புப் பைராக்சீனும் சிவப்புக் கார்னெட்டும் வந்தன. கஞ்சமலையிலும், சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவே உள்ள கோதுமலையிலும் நிற்கும் கரும்பாறைகளைப் பச்சைப்பாறைப் பட்டைகளின் வெந்த எச்சம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு கண்டத் துண்டுகள் மோதியபோது நடுவில் சிக்கிய பழைய கடல்தரை என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். நாமக்கல் பக்கத்துத் தேவனூர்ப் பாறைகள் பற்றி 2012 வாக்கில் வந்த ஆய்வு இரண்டாவது கட்சிக்கு வலு சேர்த்தது. எப்படியானாலும் கடல்தான் அங்கே இருந்தது. அந்த மலைகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய்த் தெரியும் இரும்புக் கல், காற்றில் உயிர்வளி பெருகுவதற்கு முந்தைய கடலில் படிந்த இரும்பும் சிலிக்காவும்தான்.

கஞ்சமலையின் பெயரையும் இங்கே தொட்டுவிட வேண்டும். கஞ்சம் என்றால் தாமரை, கஞ்சம் என்றால் வெண்கலம். இரும்பு விளையும் மலைக்கு உலோகப் பெயர் பொருத்தம்தானே என்று பலர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். இரண்டும் அந்த மலையில் இல்லை. இரும்புக்குக் கஞ்சம் என்று எங்கும் பெயரில்லை. பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக ஒரு வேர்ச்சொல்லை ஏற்பது சொல்லாராய்ச்சியில் பெரும் ஆபத்து. தாமரைப் பொருளே எனக்கு ஏற்புடையது.

சேலத்து இரும்புக் கல்லை முதன்முதலில் ஒழுங்காக வரைபடமிட்டவர்கள் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும். 1864இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அவர்கள் நூலை வெளியிட்டது. கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, சிங்கப்பட்டி, தீர்த்தமலை, கஞ்சமலை என்று ஐந்து தொகுதிகளாக இரும்புப் படுகைகள் வகுக்கப்பட்டன. அக்காலத்து ஆங்கிலேயர் மலை என்பதை ‘முல்லை’ போல எழுதினார்கள். பச்சைமலை அவர்கள் ஏட்டில் ‘பச்சமுல்லை’. எழுத்து எப்படியிருந்தாலும் ஊரார் சொன்ன பெயரையே அவர்கள் கேட்டு எழுதினார்கள் என்பதை மதிக்க வேண்டும். ஃபூட், பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே மனிதர். பிற்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவருடைய நினைவுக்கல் அங்குள்ள தேவாலயத்தில் இருக்கிறது.

அதற்கும் முன்னே, 1830இல், ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் கம்பெனி அதிகாரி சேலத்து இரும்புக் கல்லை உருக்க ஓர் ஆலை தொடங்கினார். எங்கே? பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில். ஆத்தூர் ஆறு கடலில் சேரும் அதே இடம். அந்த ஆலை நிலைக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கஞ்சமலை அடிவாரத்திலேயே சேலம் உருக்காலை வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் இரும்பாலை. அங்கே தயாராவது துருப்பிடிக்காத எஃகு. கஞ்சமலைக் கல் அங்கே உருகுவதில்லை. ஆனாலும் மலையையும் ஆலையையும் சேர்த்துப் பார்த்த மக்கள் சரியான சொல்லைத்தான் எடுத்தார்கள்.

இந்தச் சொற்களுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்த ஓர் இணைப்பு உண்டு. ஆறு ஆற்றூர் ஆகும் விதியைச் சொன்ன நன்னூலைப் பவணந்தி முனிவரைக் கொண்டு எழுதுவித்தவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன். கல்வெட்டுகளில் அவன் பட்டம் ‘குவளாலபுர பரமேசுவரன்’. குவளாலபுரம் என்பது கோலார். கங்கர்களின் பழைய தலைநகர். சோழர் கல்வெட்டுகளில் நிகரிலிச்சோழ மண்டலத்துக் குவளால நாடு. குவளாலம்தான் தேய்ந்து கோலார் ஆனது. ‘கோலாகலம்’ என்பதிலிருந்து வந்தது என்று சொல்லும் கதை பின்னால் கட்டியது. ஆக, ஆற்றூரின் இலக்கணத்தை நமக்கு எழுதித் தர வைத்தவன், பச்சைப்பாறைப் பட்டையின்மேல் இருந்த ஊரின் பெயரைத் தன் பட்டமாகச் சூடியவன். அவனுக்குக் காலடியில் என்ன பாறை என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் தெரிந்திருந்தது, அதைக் காப்பாற்றிக் கொடுத்தான்.

2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அப்படிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆத்தூரை ஆற்றூர் என்று ‘திருத்த’ வேண்டும் என்று சொல்பவர்கள் வருவார்கள். திருத்தக் கூடாது என்பது என் முடிவு. ஆற்றூர் இலக்கண வடிவம், அகராதியில் இருக்கட்டும். ஆத்தூர் அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் வாயில் விளைந்த வடிவம், உலக நிலவியல் ஏற்றுக்கொண்ட வடிவமும் அதுவே.

திருத்துவதற்குச் செலவிடும் முயற்சியைத் தொகுப்பதற்குச் செலவிடலாம். வாழப்பாடி முதல் தலைவாசல் வரை ஒவ்வொரு ஊரிலும் கரடு, குன்று, ஓடை, வாரி, கிணறு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கிறது. கிணறு வெட்டிய கைகளுக்குப் பாறையின் ஒவ்வொரு படிவுக்கும் ஒரு சொல் தெரியும். ஆழ்துளை வண்டி வந்த பிறகு அந்தச் சொற்களுக்கு வேலை குறைந்துவிட்டது. உங்கள் ஊரில் கிணறு வெட்டிய பெரியவர் ஒருவர் இருந்தால், அவரிடம் போய் எத்தனை அடியில் எந்தக் கல் வந்தது, அதற்கு என்ன பெயர் என்று கேட்டு, அவர் சொன்ன ஒலியிலேயே எழுதி வையுங்கள்.